கூட இருப்பவருக்கு ஐந்து அட்டைகள்

மகளிர் விடுதி, கோவை
6.2.1989

லீமா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் திட்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததும் அரைமணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறியவள் நீ. மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. நான் கடிதம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுகிறார்.

இந்தக் கடைசிப் பருவத்தில் நமக்கு ஒரு புதுப் பாடம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிற திருவேங்கடம் சார் நடத்துகிறார். புத்தகம் கிடையாது, ஜெராக்ஸ் தாள்தான். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையாம். இதுவரை நாம் எழுதிய ப்ரோக்ராம் எல்லாம் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்ற கட்டளைப் பட்டியல் அல்லவா? இனி அப்படி யோசிக்கக் கூடாதாம். ஏதாவது ஓர் இடத்துக்குப் போய், அங்கே நடப்பதைச் சாதாரணமாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதில் உள்ள பெயர்ச்சொற்களை அடிக்கோடிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. தலையில் பெயர், இடது பக்கம் அதற்கு என்ன தெரியும், வலது பக்கம் அது என்ன செய்யும். ஒரு பொருளுக்குள் இன்னொன்று கையை விட்டு எதையும் எடுக்கக் கூடாது. வேண்டியதைச் செய்தியாக அனுப்ப வேண்டும். அது எப்படிச் செய்கிறது என்பது அதன் சொந்தச் சோலி.

நான் எங்கள் கன்னிவாடி வீட்டில் நிற்கும் மாட்டுக்கு ஓர் அட்டை போட்டேன். தெரிந்தது: தீவனம் வரும் நேரம். செய்வது: முட்டுவது. சார் சிரிக்கவில்லை.

முப்பது பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதிலும் இந்த முறைக்கான மொழி இல்லை. அதனால் எல்லாம் தாளில்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட். நான் யாரையும் கேட்காமல் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் நூலகம், வங்கி என்று எடுத்துக்கொண்டார்கள். நமக்கு என்ன என்று நீ சொல்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? உள்ளதை எழுது.

பொன்னுத்தாய்


மூஞ்சிக்கல், கொடைக்கானல்
15.2.1989

அன்புள்ள பொன்னு,

இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நான் பேசுவது அவளுக்குப் புரிகிறதா என்று டாக்டரைக் கேட்டால், "கொஞ்சம் புரியும்மா, கொஞ்சம் புரியாது" என்கிறார். அது எனக்கே தெரிந்த விஷயம். புனித மோனிக்கா ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். ராத்திரியும் பகலும் நான்தான் கூட. அப்பா ஹோட்டல் சமையற்கட்டை முடித்துவிட்டு வந்து சற்று நேரம் நிற்பார். அவருக்கு அங்கே நிற்க மட்டும்தான் தெரிகிறது, பாவம்.

நமக்கு ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்வோமா? எனக்கு வேறு எங்கும் போக வழியில்லை. நீ சொன்னபடி இரண்டு நாள் நடந்ததை எழுதி, பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டேன். நோயாளி, கட்டில், மருந்து, நர்ஸ், டாக்டர், உணவு. அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். தரை துடைக்கிற சின்னத்தாய் அக்காவுக்கும் ஓர் அட்டை போட்டேன். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காலையில் எங்கள் வார்டைத் துடைத்துவிட்டு ஆண்கள் வார்டுக்குப் போய்விடுவார். போகும்போது, "பிள்ளை, ஒரு வாய் சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்காமல் போனதில்லை. இந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

கடைசி அட்டை 'கூட இருப்பவர்'. அதன் இடது பக்கம் நிரம்பி வழிகிறது. அம்மா எந்த நேரம் விழிப்பாள், எதற்கு முகம் சுளிப்பாள், எந்தப் பக்கம் படுக்க வைத்தால் முனகுவாள். இடது கையால் கட்டிலை இரண்டு தட்டு தட்டினால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம் என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வலது பக்கம், செய்வது என்ற இடத்தில் எழுத எதுவும் தோன்றவில்லை. அப்படியே காலியாக அனுப்புகிறேன்.

லீமா


கோவை
24.2.1989

லீமா,

உன் கடிதத்தை விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன். அம்மாவைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் ஊர் கோயிலில் வேண்டிக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன். நீ வேதக்காரி, கோபித்துக்கொள்ளாதே.

ப்ராஜெக்டுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி என்றதும் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டைகளை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி அட்டையில் நின்றார். "இதுக்கு வேலையே இல்லையேம்மா. வெறும் தகவலைச் சுமந்துக்கிட்டு நிக்குது. செயல் இல்லாதது தனிப் பொருள் ஆகாது. இந்தத் தகவல் எல்லாம் நோயாளியைப் பத்தினதுதானே, அங்க சேர்த்துரு" என்றார். சரியாகத்தான் பட்டது. 'கூட இருப்பவர்' அட்டையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, எல்லாவற்றையும் 'நோயாளி' அட்டைக்கு மாற்றிவிட்டேன். யாருக்கு எது வேண்டுமானாலும் நோயாளியிடமே கேட்டுக்கொள்ளலாம். இப்போது படம் சுத்தமாக இருக்கிறது.

அடுத்து, யார் யாருக்கு என்ன செய்தி அனுப்புகிறார்கள் என்று எழுதி அனுப்பு. வெரசா வேண்டும்.

பொன்னு


மூஞ்சிக்கல்
7.3.1989

பொன்னு,

அடித்துவிட்டாயா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

நோயாளியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் நோயாளி பதில் சொல்ல மாட்டாள் பொன்னு. டாக்டர் வந்து "எப்படி இருக்கீங்கம்மா?" என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் சொல்வது நான். நர்ஸ் கேட்டாலும் நான். பக்கத்துக் கட்டில் கருப்பம்மாளின் மகன் கேட்டாலும் நான். உன் சுத்தமான படத்தில் எல்லோரும் ஓர் ஊமையைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வேலை இல்லை என்று சாருக்குத் தோன்றியதற்கு நான்தான் காரணம். காலியாக விட்டது நான். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. இருபத்துமூன்று வயதில் ஒரு கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, பெற்ற தாய்க்கு ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறோமே என்று இருந்தது. உன் சிவப்பு மை அது உண்மைதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதுதான் வலித்தது.

இப்போது எழுதித் தருகிறேன், வைத்துக்கொள். கூட இருப்பவர் செய்வது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. தலையணை இரண்டு முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி கொடுப்பது. படுத்தபடி கொடுத்தால் புரையேறும். ஒரு சின்னக் கரண்டி கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. வெந்நீரில் துடைப்பது. பேசிக்கொண்டே இருப்பது. பயப்படுவது. கடைசியை எழுதவேண்டாம் என்றால் விட்டுவிடு.

செய்திப் பட்டியல் பின்னால் இருக்கிறது.

லீமா


கோவை
16.3.1989

லீமாக்கண்ணு,

தப்பு என்னுடையது. கழுதை நான். படம் சுத்தமாக வந்த சந்தோஷத்தில் ஆளை மறந்துவிட்டேன்.

உன் கடிதத்தின் நடுப்பக்கத்தை சாரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், "நோயாளி பதில் சொல்லாதுன்னு நான் யோசிக்கவே இல்ல" என்றார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அட்டையைத் திரும்பச் சேர்த்தாயிற்று. இப்போது நம் படத்தில் பாதிக் கோடுகள் அந்த அட்டை வழியாகத்தான் போகின்றன. மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இனி கவனமாகப் படி. உன் வருகைப்பதிவுக் குறைவை சார் துறைத்தலைவரிடம் பேசிச் சரிசெய்துவிட்டார். மற்ற பாடங்களின் தேர்வை நாம் டிசம்பரிலேயே முடித்துவிட்டதால் பயமில்லை. ஆனால் ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வு மே 11, நண்பகல் பன்னிரண்டு மணி. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். நேரில் வராதவர் தேறவில்லை என்றுதான் கணக்கு. அடுத்த வருஷம் மறுபடி ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டும். உங்கள் மறைமாவட்டம் தருகிற உதவி இந்த மே மாதத்தோடு முடிகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பெங்களூர் கம்பெனி நம் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டதும் பட்டம் வாங்கினால்தான்.

ஒரே ஒரு நாள் லீமா. வந்துவிடு.

பொன்னு


மூஞ்சிக்கல்
14.4.1989

அன்புள்ள பொன்னு,

சீசன் தொடங்கிவிட்டது. லேக்கைச் சுற்றி நடக்க இடமில்லை. அப்பாவின் ஹோட்டலில் அறை கிடைக்காமல் ஜனங்கள் வேனிலேயே படுத்துக்கொள்கிறார்கள். ஜூன் வரைக்கும் சமையற்கட்டில் யாருக்கும் லீவு கிடையாது. அப்பா முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். "மரியஅந்தோணி, நீ போனா அடுப்பை நானா பத்தவைக்கிறது?" என்றாராம். அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். சித்தி அடுக்கம் கிராமத்தில் இருக்கிறாள், அவளுக்கே கைக்குழந்தை. நர்ஸ்கள் நல்லவர்கள்தான், ஆனால் வார்டுக்கு இரண்டு பேர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுக்க அவர்களால் முடியாது.

மே 11-க்கு நான் வர முடியாது பொன்னு. இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி ஏறி எதுவும் தெரியவில்லை. ஆறு வருஷம் படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் பட்டப்படிப்புக்கு மேல் போன முதல் பெண் நான். அம்மா பள்ளிக்கூட விடுதியில் துணி தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். வராமல் இருப்பது அவளுக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருக்கிறது. வருவதும் அப்படித்தான் இருக்கிறது.

நீ மட்டும் போய் நன்றாகச் செய்துவிட்டு வா.

லீமா


கோவை
22.4.1989

லீமா,

நீ மட்டும் போ என்று சொல்ல உனக்கு வாய் வந்ததா? நான் போய் யார் அட்டையை யாருக்கு விளக்குவது?

இரண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சார் என்ன சொல்லித் தருகிறார்? ஒரு பொருளின் இடத்தில் இன்னொரு பொருளை வைக்கலாம், அதே செய்திகள் அதற்கும் புரிந்தால் போதும், வேலை நடக்கும். அம்மாவின் பக்கத்தில் நீதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 'கூட இருப்பவர்' இருந்தால் போதும். நீ நம்புகிற ஒருவரைக் கண்டுபிடி. உன் அம்மாவுக்கு வேண்டியதை எல்லாம் அட்டைகளில் எழுதிக் கொடு. அந்த அட்டைகளில் இருப்பதைச் செய்தால் நீ இருக்கிற மாதிரியேதான்.

வெறும் இரண்டு நாள். 10-ஆம் தேதி வெள்ளனே கிளம்பினால் சாயங்காலம் இங்கே. 11 தேர்வு. 12 மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். யாரையாவது கேள். கேட்காமலே முடியாது என்று உட்கார்ந்திருக்காதே, எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பொன்னு


மூஞ்சிக்கல்
3.5.1989

பொன்னு,

வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. அம்மா என்ன, கம்ப்யூட்டரா? அப்புறம் மடியில் வைத்து இன்னொரு தடவை படித்தேன். மறுநாள் சின்னத்தாய் அக்கா தரை துடைக்க வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்டு முடிக்கவில்லை, அவரே முந்திக்கொண்டார். "இதுக்கா பிள்ளை இத்தன நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருந்தீங்க? ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு நான் இருக்கேன். நீங்க போய் பரீட்சைய எழுதிட்டு வாங்க."

ஐந்து அட்டைகள் எழுதியிருக்கிறேன். புரட்டிப் படுக்க வைப்பது ஒன்று. துடைப்பது ஒன்று. கஞ்சி கொடுக்கும் முறை ஒன்று. அம்மாவின் கைஜாடைகள் ஒன்று. எப்போது நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று ஒன்று. பெரிய எழுத்தில், நம் ப்ராஜெக்டுக்கு எழுதியதைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது பார், ஜனவரிக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதி எனக்கு இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த எல்லாம் அந்த ஐந்து அட்டையில் இருக்கிறது.

அக்காவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வாயாலும் ஒருமுறை சொல்கிறேன் என்றேன். "அதான் எழுதியிருக்கீங்கல்ல. எனக்கு அந்தப் பக்கம் வார்டு கெடக்கு பிள்ளை" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். செய்தியை அனுப்பினால் போதும், எப்படிச் செய்கிறது என்பது அதன் சொந்தச் சோலி என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

10-ஆம் தேதி முதல் பஸ். வத்தலக்குண்டில் இறங்கி, திண்டுக்கல் போய் மாறி வருவேன். விடுதி வாசலில் நில்.

லீமா


கோவை
17.5.1989

முதல் வகுப்பு லீமா அவர்களுக்கு,

பட்டியல் இன்று ஒட்டினார்கள். இரண்டு பேருக்கும் முதல் வகுப்பு! உன் மதிப்பெண் என்னைவிட நான்கு அதிகம். அந்த நான்கும் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு கேட்டாரே, "நீங்கள் ஒரு பொருளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அதற்கு அந்தச் செய்தி புரியவில்லை. என்ன ஆகும்?" ஜெராக்ஸ் தாளில் அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை, முந்தின ராத்திரி நீதான் படித்தாய். நீ கண்ணை இமைக்காமல் சொன்னாய்: "புரியவில்லை என்று அதுவே திருப்பிச் சொல்லிவிடும் சார். சொல்லாமல் இருக்காது. அதனால் அனுப்பியவர் ஏமாற மாட்டார்." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். திருவேங்கடம் சார் பின்னால் நின்றுகொண்டு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நீ பார்க்கவில்லை.

தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாய். கொண்டாட்டம் பாக்கி இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது, உனக்கு வீட்டு முகவரிக்கு வரும். ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அம்மாவை அங்கே கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம். நான் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். சின்னத்தாய் அக்காவுக்கு என் முதல் சம்பளத்தில் ஒரு புடவை. என் யோசனைதானே, ஒத்துக்கொள்!

உடனே எழுது.

பொன்னு


கன்னிவாடி
5.6.1989

லீமா,

விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன், முகவரி மேலே. உன்னிடமிருந்து ஒன்றுமே இல்லை. கோபமா? அந்த நான்கு மதிப்பெண்ணைப் பற்றிக் கிண்டல் செய்ததற்கா? அம்மா நன்றாக இருக்கிறார்கள்தானே? ஒரு கார்டாவது போடு.

பொன்னு


மூஞ்சிக்கல்
18.6.1989

பொன்னு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. கோபம் எதுவும் இல்லை.

அம்மா மே 21-ஆம் தேதி இறந்துவிட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 12-ஆம் தேதி மத்தியானம் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம். சின்னத்தாய் அக்கா கட்டிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். "நேத்து மத்தியானம் கஞ்சி குடுக்கையில இரும ஆரம்பிச்சிச்சு பிள்ளை. அப்புறம் நிக்கவே இல்ல." எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். படுத்தபடியே கொடுத்திருக்கிறார். அம்மா இடது கையால் கட்டிலைத் தட்டியிருக்கிறாள். "தட்டித் தட்டிக் கேட்டாங்க. பசியாக்கும், பாவம்னு இன்னும் ரெண்டு கரண்டி வெரசா குடுத்தேன்."

அட்டையில் எழுதியிருந்தேனே அக்கா என்றேன். அவர் இடுப்பிலிருந்து பையை எடுத்துப் பிரித்தார். இதில் கஞ்சி அட்டை எது என்று கேட்டேன். ஐந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பொன்னு. நான்கு மாதம் தினமும் பேசியிருக்கிறேன். அவருக்கு எழுத்துத் தெரியுமா என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். ஒன்பது நாள் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. கஞ்சிகூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அந்தக் கையை எத்தனை தடவை தட்டியிருப்பாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் உங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, புரியாவிட்டால் அதுவே திருப்பிச் சொல்லிவிடும் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு நான்கு மதிப்பெண்.

யோசனை உன்னுடையது என்று நீ இப்போது அழுவாய். அழாதே. உன்மேல் கோபப்பட்டும் பார்த்தேன், நிற்கவில்லை. எழுதியது என் கை.

ஆஸ்பத்திரியில் சின்னத்தாய் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நோயாளியைக் கவனிக்கத் தெரியாமல் கொன்றுவிட்டாள் என்று பேச்சு. நான் ஆஸ்பத்திரியை நடத்துகிற மதர் இசபெல்லாவிடம் போய், தப்பு என்னுடையது, படிக்கத் தெரியாதவரிடம் எழுதிக் கொடுத்தது நான் என்று சொன்னேன். "நீ துக்கத்துல பேசுற மகளே, போய் ஜெபம் பண்ணு" என்று தலையில் கை வைத்து அனுப்பிவிட்டார். மறுபடி போனேன். பார்க்க நேரமில்லை என்றார்கள். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பெங்களூர் ஆர்டரை அவர் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருக்கிறார். நான் போவேன் என்று நினைக்கிறேன். போகாமல் இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

நேற்று அக்காவைத் தேடி மன்னவனூர் போனேன். அங்கே கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். ஈரத்தில் குனிந்து கேரட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் வரப்புக்கு ஓடிவந்தார். என்னை மன்னிச்சிருங்க அக்கா என்று நான் சொல்ல, அதே நேரத்தில் அவரும், "என்னைய மன்னிச்சிருங்க பிள்ளை" என்றார்.

ஏன் அக்கா அன்றைக்கே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க பஸ் ஏறியிருப்பீங்களா?" என்றார். "அங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல எங்கள எல்லாம் எட்டு வயசுல கொழுந்து பறிக்க அனுப்பிட்டாங்க. படிக்கிற பிள்ளை ஒண்ணு என்னால நின்னுறக் கூடாதுன்னு தலைய ஆட்டிட்டேன். நர்ஸம்மாகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சீசன் கூட்டம், அன்னைக்கு அவங்களுக்கு நிக்க நேரமில்ல."

அவர் கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிள்ளை, அந்தப் பரீட்சை என்னாச்சு? பாஸா?"

பாஸ்தான் அக்கா, முதல் வகுப்பு என்றேன்.

அவர் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது பொன்னு. தோட்டத்துப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினார்: "ஏ பாப்பம்மா, ராக்காயி, நம்ம லீமா பிள்ளை பாஸாயிருச்சாம்!"

வரிசையில் குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

லீமா